பிளக்ஸில் சம்மணம்

தாழக்குடி,
31.7.2024, புதன்

அதைத்தான் சொல்ல வாறேன் மக்கா, கொஞ்சம் பொறு. சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். வெறுந்தரையில. பாய் கிடையாது, செவுத்துல சாயல்லை. முழுக் கதையும் சொல்லி முடிச்சு, பிள்ளையாருக்குத் தீபம் காட்டிட்டு, ஒருத்தரும் கை குடுக்காம எழும்பினேன்.

சரி, முறையா ஆரம்பிக்கேன், இல்லைன்னா டீச்சரம்மா சிவப்பு மையில வட்டம் போட்டிருவே. என் அன்பு மகள் சிவப்ரியாவுக்கு, பெரியம்மை அழகியநாயகி எழுதுவது. இங்க நானும் உங்க பெரியப்பாவும் சுகம். நீயும் ஹரி மாப்பிள்ளையும் கோயம்புத்தூர்ல சுகமா இருக்க தாணுமாலயன் துணை.

போன் பண்ணாம ஏன் கடிதாசு போடுதேன்னு கேப்பே. இது செவ்வாய் நோன்பு விசயம், ஆம்பளை காதுல விழப்பிடாது. நம்ம வீட்டுல இருக்கது ஒரே போன், அதுவும் உங்க பெரியப்பா சட்டைப் பையில கிடக்கு. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் எனக்குக் கேக்கும். எனக்குக் கேட்டா அவியளுக்கும் கேக்கும். உன் வீட்டுக்கு எழுதினா மாப்பிள்ளை பிரிச்சிருவாரு. அதான் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுதேன். போஸ்ட்மேனும் ஆம்பளைதான், ஆனா கவரு ஒட்டியிருக்குல்லா.

அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசின்னு உங்க அம்மை இருந்த காலத்துல உன்னையும் கூட்டிட்டு வருவா. நீ அந்தப் பக்கம் போய் எல்லாம் மறந்திருப்பே. நம்ம தெருவுல இப்பம் மத்தியானமே நடத்துதோம். ஆம்பளையளை வெளிய பத்திட்டு, கதவைச் சாத்தி, உப்பில்லாக் கொழுக்கட்டை அவிச்சு, வட்டமாத் தரையில உக்காந்து பிள்ளையார் கதை கேக்கணும். கதை சொல்லுத இடம் எங்க மாமியாருக்கு அப்புறம் எனக்குத்தான். ஆனா தரையில உக்கார முடியாதவளுக்கு வட்டத்துல இடம் இல்லை. ரெண்டு வருசமா நான் வலிக்குத கால் முட்டைப் பிடிச்சுக்கிட்டு அடுக்களையில நின்னு கொழுக்கட்டை அவிச்சேன். தாணம்மை மைனி கதை சொன்னா. நல்ல மனுசிதான். ஆனா பாதிக் கதையில பிள்ளையார் தொலைஞ்சு போவாரு, எங்கட்டி விட்டேன்னு நம்மகிட்டயே கேப்பா. நான் உள்ள நின்னு பல்லைக் கடிப்பேன்.

இந்த ஆனியில ஹரி மாப்பிள்ளை, புதுசா வேலைக்குச் சேந்த ஊசிக் கம்பெனிப் பையோட வந்து, "பெரியம்மை, கம்பெனியோட முதல் ஊசி உங்களுக்குத்தான், உங்க கைராசி எனக்கு வேணும்"னாரு. உனக்குத் தெரியுமே, இந்தத் தெருவுல எவன் கடை திறந்தாலும் முதல் சாமானை என் கையில தந்துட்டுத்தான் வியாபாரம். முட்டுக்குள்ள தேஞ்சு போன ஜவ்வு இந்த ஊசியில திரும்ப வளருமாம். மூணு ஊசி போட்டா முப்பது வயசு முட்டாம். எனக்கு ஒண்ணுலயே வளந்துட்டு போலிருக்கு.

நோன்பு முடிஞ்சதும் தாணம்மை மைனி என் முட்டை அமுக்கி அமுக்கிப் பாத்தா, மாம்பழம் பழுத்திருக்கான்னு பாக்க மாதிரி. கீழத்தெரு முத்துக்கனி, "எக்கா, உங்க மாப்பிள்ளைகிட்ட எனக்கும் சொல்லணும்"னா. அப்படியே ஒருத்தி பின்னால ஒருத்தி. போன வாரம் வந்தப்பம் வீட்டுல நான் சம்மணம் போட்டிருக்கதை மாப்பிள்ளை ஒரு போட்டோவும் எடுத்திருக்காரு, பிளக்ஸ் அடிக்கணுமாம். நல்ல பட்டு உடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
சம்மணம் போட்ட பெரியம்மை,
அழகியநாயகி


கோயம்புத்தூர்,
9.8.2024

பாசமுள்ள பெரியம்மைக்கு,

சிவப்ரியாவின் வணக்கம். உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்து நான் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நோன்புச் சமாச்சாரம் அவருக்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு என்றது என் வீட்டுக்காரரை.

பெரியம்மை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உதிரிப்பாகக் கம்பெனி மூடிய பிறகு அவர் வீட்டில் இருந்த நாட்களை உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. முகச்சவரம் செய்ய மாட்டார். வாசல் மணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். இப்போது சட்டைக்கு இஸ்திரி போடும்போது பாடுகிறார். உங்கள் தெருப் பெண்கள் பதிவு செய்ததிலேயே அவருடைய முதல் முகாம் நிறைந்துவிட்டதாம். தை மாதம் நாகர்கோவிலில் கிளை திறக்கிறார்கள். அவர்தான் மேலாளர் என்று பேச்சு. அது நடந்தால் நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவேன். அம்மை இல்லாத ஊர் என்று தயங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கிறீர்களே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஜவ்வு வளர்ந்திருப்பதைப் படம் எடுத்துப் பார்த்தார்களா? எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

அன்பு மகள்,
சிவப்ரியா


தாழக்குடி,
14.10.2024

மக்கா சிவப்ரியா,

உன்கிட்ட மட்டும் சொல்லுதேன். வலி திரும்பிட்டு.

ஆவணிக் கடைசியில, பால் குடிக்க வாற பூனை மாதிரி பைய வந்துது. முதல்ல மாடிப்படியில. பிறகு கோயில் நடையில. இப்பம் அடுக்களைக்கே வந்து குத்த வச்சிட்டு. மாப்பிள்ளைகிட்ட போன்ல சொன்னேன். "ஜவ்வு வளரும்போது வலிக்கத்தான் செய்யும் பெரியம்மை, பிள்ளைக்குப் பல்லு முளைக்கும்போது வலிக்கல்லையா"ன்னு ஹெட் ஆபீஸ்ல சொன்னாவளாம். கேக்க நல்லாத்தான் இருந்துது. புரட்டாசியில ரெண்டாவது ஊசியும் போட்டேன். அந்தச் சுகம் நவராத்திரி கும்பிட்டு முடியுமுன்ன போயிட்டு. சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிக்கு. முத்துக்கனிக்கு ஊசி போட்ட முட்டு தேங்காய் மாதிரி வீங்கிட்டு.

இதுக்கிடையில அந்த பிளக்ஸ் கதையைக் கேளு. தாழக்குடி விலக்குல, பஸ் ஸ்டாப்புக்கு மேல, கூரை உயரத்துல நான் சம்மணம் போட்டுச் சிரிச்சிட்டு இருக்கேன். ஆரல்வாய்மொழிக் காத்துல என் முட்டு மட்டும் படபடன்னு அடிக்கு. கீழ நான் பஸ்ஸுல ஏற முடியாம கம்பியைப் பிடிச்சுத் தொங்குதேன். கண்டக்டர் மேலயும் பாத்தான், கீழயும் பாத்தான். "எக்கா, அது உங்க தங்கச்சியா"ன்னான். "ஆமா தம்பி, அவளுக்கு முட்டு நல்லாருக்கு, மூத்தவ நாந்தான் செரியில்லை"ன்னேன்.

முத்துக்கனியும் நானும் ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்க பெரியப்பாகிட்ட சுசீந்திரம் போறதாச் சொன்னேன். பொய்யாயிரப்பிடாதேன்னு திரும்பி வரும்போது சுசீந்திரத்துலயும் இறங்கிக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, நல்ல பொறுமை. போன வருசத்து முட்டுப் படத்தையும் புதுசா எடுத்ததையும் வெளிச்சத்துல வச்சா. "எங்க வளந்திருக்கு அம்மா, நீங்களே விரல் வச்சுக் காட்டுங்க"ன்னா. நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு மக்கா.

"ஊசிக்குள்ள என்ன இருந்துதுன்னு போட்டவங்கதான் சொல்லணும். சர்க்கரை இப்படி ஏறினதைப் பாத்தா ஸ்டீராய்டா இருக்கும். அது கொஞ்ச நாள் வலியை அமத்தும். தேவைப்பட்டா சில பேருக்கு நாங்களும் போடுவோம், கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்லிட்டுப் போடுவோம். தேஞ்ச ஜவ்வைத் திரும்ப வளக்குத ஊசி இன்னும் வரல்லை. வந்தா முதல்ல எங்கம்மைக்குப் போட்டுட்டுத்தான் உங்களுக்குப் போடுவேன்"னா. துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில வச்சு அமுக்கணும், காலை நீட்டித் தூக்கணும், எடை குறைக்கணும், வலிக்காத பக்கத்துக் கையில கம்பு பிடிக்கணும்னு எல்லாம் செஞ்சு காட்டினா. கடைசியில, "தரையில சம்மணம் வேண்டாம்மா"ன்னா. அதைக் கேட்டப்பம்தான் எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. வலிக்காக இல்லை, வட்டத்துல என் இடம் போச்சேன்னு.

இப்பம் நீ சொல்லு. தை நோன்புக்கு எல்லாரும் என் முட்டைத்தான் பாப்பாவ. நம்ம தெரு போதாதுன்னு மேலத்தெருவிலயும் ஊசிக்குப் பேரு குடுத்தாச்சு, எல்லாம் அழகியநாயகி எழும்பிட்டாங்கிற நம்பிக்கையில. நான் வாயைத் திறந்தா மாப்பிள்ளைக்குக் கிளை போவும், நீ ஊருக்கு வாறதும் போவும். திறக்காம இருந்தா இன்னும் எத்தனை முட்டு வீங்குமோ. பிள்ளையாருக்கு முன்னால உக்காந்து பொய் சொல்ல எனக்கு வராது. என்ன செய்யட்டும்?

உன் பெரியம்மை,
அழகியநாயகி


கோயம்புத்தூர்,
25.10.2024

பெரியம்மைக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? உங்களை நம்பித்தானே அவரும் ஊர் ஊராகப் பேசினார்? அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. தலைமை அலுவலகம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார், அவரும் அதை நம்புகிறார். இப்போது உங்கள் வாயாலேயே இல்லை என்று வந்தால் அவர் மறுபடியும் அந்த உள்ளறைக்குப் போய்விடுவார். அந்தக் கதவை இன்னொரு தடவை என்னால் தட்ட முடியாது பெரியம்மை.

தை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளை திறந்து அவர் மேலாளராக உட்கார்ந்துவிட்டால் பிறகு எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். நோன்பன்று ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மட்டும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். எனக்காக இதைச் செய்யுங்கள். அம்மை இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன்.

சிவப்ரியா


தாழக்குடி,
4.11.2024

மக்கா,

உன் கடிதாசு கிடைச்சுது. பூசைமுறியில வச்சுப் படிச்சேன். கோவம் இல்லை. உன் இடத்துல நானா இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

உங்க அம்மை இருந்தா என்ன சொல்லுவான்னு நானும் யோசிச்சேன். அவ என்னைவிட நாலு வயசு இளையவ, ஆனா வாயி எனக்கு மேல. "எக்கா, வலி மாத்திரையை முழுங்கலாம், பொய்யை முழுங்க முடியாது, தொண்டையில நிக்கும்"பா. எனக்கு அவ குரல்லயே கேக்கு.

நான் ஒண்ணும் சத்தியம் பண்ணித் தரல்லை மக்கா. தைக்கு இன்னும் நாளு இருக்கு. துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கிக்கிட்டிருக்கேன். சோத்தைப் பாதியாக் குறைச்சாச்சு. உங்க பெரியப்பா, "வீட்டுல அரிசி மிஞ்சுதே, என்னட்டி கோளாறு"ன்னு கேக்காவ.

பெரியம்மை


தாழக்குடி,
22.1.2025, புதன்

மக்கா சிவப்ரியா,

நீ அதுக்குப் பிறகு எழுதல்லை. பரவாயில்லை, நான் எழுதுதேன். நேத்து தை நோன்பு. நடந்ததை அப்படியே சொல்லிருதேன், நீ வேற யாரு வாயிலயும் கேக்கப்பிடாது.

ஆம்பளையளை எல்லாம் வெளிய அனுப்பியாச்சு. கதவு சாத்தியாச்சு. தாணம்மை மைனி வீட்டுல வட்டம் கூடிட்டு. நடுவுல எனக்கு இடம் விட்டிருக்கா. எல்லா கண்ணும் என் முட்டுல. நான் கம்பை ஊன்றி உள்ள வந்தேன். முத்துக்கனி என் பின்னால ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தா. நடுவுல போட்டா. நான் உக்காந்தேன்.

அடுக்களையில இருந்தவளும் கொழுக்கட்டைச் சட்டியை இறக்கி வச்சுட்டு எட்டிப் பாத்தா.

தாணம்மை மைனிதான் வாயைத் திறந்தா. "ஏட்டி அழகி, இது நோன்பா, பஞ்சாயத்து மீட்டிங்கா? நாற்காலிக்கு யாரு சட்டம் தந்தா?"

"மைனி, இதுதான் ரெண்டு ஊசி போட்ட முட்டு. பிளக்ஸுல சிரிக்க முட்டு. இனி தரைக்கு வராது"ன்னேன். பிறகு எல்லாத்தையும் சொன்னேன். முதல் ஊசியில சுகம் வந்தது நெசம், அது போனது நெசம், படத்துல ஒண்ணும் வளரல்லை, சர்க்கரைதான் வளந்துது. முத்துக்கனி சேலையைத் தூக்கி முட்டைக் காட்டினா. வடக்கு மூலையில இருந்தவ ஒருத்தி, "எனக்கும் அப்படித்தான் எக்கா, உங்க முகத்துக்காகச் சொல்லல்லை"ன்னா. அடுத்தவளும் அதையே சொன்னா. நான் உன் முகத்துக்காகச் சொல்லல்லை, அவளுவ என் முகத்துக்காகச் சொல்லல்லை. இப்படித்தான் மக்கா ஊரே நொண்டுது.

தாணம்மை மைனி விடல்லை. "அதெல்லாம் செரி. நாற்காலி நாற்காலிதானே. பிள்ளையார் கோவிச்சா?"

"எந்தப் பிள்ளையார் மைனி? நம்ம கோயில் பிள்ளையாரைப் பாரு. ஒத்தக் காலைத்தான் மடக்கியிருக்காரு, மத்தக் காலு தொங்குது. அவராலயே சம்மணம் போட முடியல்லை. உலகத்தைச் சுத்திட்டு வான்னு சொன்னதுக்கு, அம்மையப்பனை ஒரு சுத்துச் சுத்திட்டு உக்காந்தாரே, ஏன்? அந்த எடைக்கு முட்டு என்ன பாடு பட்டிருக்கும்?"

மைனிக்குச் சிரிப்பு வந்துட்டு. பல்செட்டு கழன்று விழுத மாதிரி சிரிச்சா. அப்புறம் சுத்துமுத்தும் பாத்துட்டு, "எனக்கும் ரெண்டு முட்டும் போயாச்சுட்டி, எழும்பத்தான் வெக்கப்பட்டுட்டு இருந்தேன். அந்த ஸ்டூலை இங்கன எடு"ன்னா. அவ்வளவுதான். ஒருத்தி நாற்காலிக்கு ஓடுதா, ஒருத்தி பெஞ்சுக்கு, ஒருத்தி மாவு இடிக்க உரலைக் கவிழ்த்துப் போட்டு அதுல உக்காருதா. அந்த வட்டத்துல தரையில மிஞ்சினது சின்னப் பெண்ணுங்கதான். நான் கதையை ஆரம்பிச்சேன். பிள்ளையார் ஒரு இடத்துலயும் தொலையல்லை. இப்படி ஒரு கதை நான் வாழ்நாள்ல சொன்னதில்லை மக்கா, மாமியார் இருந்தா வைரத்தோட்டைக் கழட்டித் தந்திருப்பாவ.

முடிச்சிட்டு எல்லாரும் மாவுல கை வச்சு ஒண்ணு சொன்னோம். அதை உனக்கு எழுதப்பிடாது. போஸ்ட்மேன் ஆம்பளை.

உனக்கு வருத்தம் இருக்கும்னு தெரியும். என் மேல வச்சுக்கோ, நான் தாங்குவேன்.

உன் பெரியம்மை,
அழகியநாயகி


கோயம்புத்தூர்,
12.2.2025

பெரியம்மைக்கு,

நாகர்கோவில் கிளை திறந்த அன்றே மூடிவிட்டார்கள். அவர் மறுநாள் இங்கே வந்து அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "வேலை போயிட்டு" என்றார். தாழக்குடிப் பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள், யார் சொன்னது, எப்போது பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறார். பெரியப்பாவைக் கேட்டாராம். நோன்பில் பேசியதை ஆம்பளை கேட்கக் கூடாது என்று பெரியப்பா கையை விரித்துவிட்டாராம்.

ஐப்பசியில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவரை என்ன சொன்னீர்கள்? உங்கள் மேல் கோபமா என்று அவரிடம் கேட்டேன். சட்டையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினார், பாடவில்லை. உள்ளறைக்குப் போகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு நான் யார், எனக்கு நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

சிவப்ரியா


தாழக்குடி,
13.3.2025

ஒரு வார்த்தை சொல்லல்லை மக்கா. மாப்பிள்ளையை நாங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல்லை. மாவுல கை வச்சு நாங்க சொன்னதுல அதுவும் உண்டு. இப்பம் சொல்லலாம், நடந்து முடிஞ்சுட்டே. அறுப்பு நாள், கும்பப்பூ நெல்லு வீடு நிறையக் கிடக்கு, அதான் பதிலுக்கு இத்தனை நாளாயிட்டு.

கிளை திறப்புக்கு நாங்க கல்யாணத்துக்குப் போற மாதிரித்தான் போனோம். ஆளுக்கு ஒரு பட்டு, தலையில பிச்சிப்பூ, கையில முட்டுப் படம். முன் வரிசை நாற்காலி பூரா எங்களுக்கு. கம்பெனிக்காரங்களுக்கு வாயெல்லாம் பல்லு. சென்னையில இருந்து பெரிய டாக்டர் ஒருத்தர் வந்திருந்தாரு, கழுத்துல மாலை. அவரு மைக்கைப் பிடிச்சு, எந்த வயசு முட்டா இருந்தாலும் ஜவ்வு வளரும்னாரு. எல்லாரும் கை தட்டினாவ. நாங்களும் தட்டினோம். பிறகு நான் கம்பை ஊன்றி எழும்பினேன்.

"டாக்டரே, கண்டிப்பா வளருமா?"

"கண்டிப்பா வளரும்மா. நீங்கதானே வெளிய போர்டுல இருக்கிறவங்க? உங்களை விட வேற சாட்சி வேணுமா?"

"அப்படின்னா உங்க சீட்டுல ரெண்டு வரி எழுதித் தாங்க. இந்த ஊசியில இவளுக்கு ஜவ்வு வளரும்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்து. சாமிக்கு முன்னால வைக்கணும்."

அவரு சிரிச்சாரு. பேனாவை எடுத்தாரு. மூடியைக் கழட்டினாரு, திரும்பப் போட்டாரு. "அம்மா, ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி"ன்னாரு.

தாணம்மை மைனி உக்காந்த இடத்துல இருந்தே, "மைக்குல சொல்லும்போ எல்லா உடம்பும் ஒரே மாதிரி இருந்துதே டாக்டரே"ன்னா.

அதுக்குப் பிறகு நாங்க ஒண்ணும் பேசவே வேண்டியதில்லை. முத்துக்கனி வீங்கின முட்டோட அவரு மேசைக்கு முன்னால போய் நின்னா. பின்னால பூதப்பாண்டியில இருந்தும் எங்கெல்லாமோ இருந்தும் வந்தவங்க எழும்பினாங்க, எனக்கும் எழுதித் தாங்க, எனக்கும் எழுதித் தாங்கன்னு. ஒருத்தரும் கத்தல்லை. ரேசன் கடை மாதிரி வரிசையா நின்னாங்க. பெரிய டாக்டருக்குப் போன் வந்துது. பேசிக்கிட்டே வெளிய போனாரு, மாலை மட்டும் நாற்காலியில கிடந்துது.

கம்பெனி மேனேஜர் ஒருத்தன் மாப்பிள்ளைகிட்ட வந்து, "உங்க ஊர்க் கிழவிங்களை முதல்ல வெளிய அனுப்புங்க"ன்னான். மாப்பிள்ளை அவனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்து, "உக்காந்து குடிங்க பெரியம்மை"ன்னு தந்தாரு. அவ்வளவுதான் அவரு பேசினது. நானும் வாங்கிக் குடிச்சேன். கண்ணைப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால கோவமா இல்லையான்னு நீ அவருகிட்ட கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது மக்கா.

முன்பணம் கட்டினவளுவளுக்கெல்லாம் துட்டு திரும்பிட்டு. மேலத்தெருவுல ஒரு முட்டுலயும் ஊசி ஏறல்லை. ஜெயிச்சிட்டோம் சிவப்ரியா. எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்ச நாங்க, ஒரு பேனாவுல மூடி திரும்பப் போட வச்சிட்டோம்.

மாசி நோன்புக்கு நீ வந்து பாத்திருக்கணும். சமுதாயக்கூடத்து நாற்காலி எல்லாம் தாணம்மை மைனி வீட்டுக்கு வந்துட்டு. வண்டியில இறங்குததைப் பாத்து உங்க பெரியப்பா, "நோன்புக்கு என்னத்துக்குட்டி இத்தனை நாற்காலி"ன்னாவ. "ஆம்பளை கேக்கப்பிடாது"ன்னேன். நடக்க முடியாம வீட்டோட கிடந்தவளுவ எல்லாம் வந்தாளுவ. கதை முடிஞ்சதும் நாற்காலியில இருந்துக்கிட்டே எல்லாரும் காலை நீட்டித் தூக்குதோம், இறக்குதோம். புதுசாக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணு இதுவும் நோன்புச் சடங்குன்னு நினைச்சு, எந்தக் காலை முதல்ல தூக்கணும்னு பக்தியோட கேட்டா. வலக்காலைன்னு சொல்லிட்டேன். இருந்துட்டுப் போவுது.

மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கும் போனேன். கம்பு ஒரு கையில, முத்துக்கனி ஒரு கையில. நின்னு பொங்கலிட்டேன், நின்னே இறக்கினேன். வலி இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இப்பம் பின்னால நடந்து வருது, முன்னால நான் போறேன். அம்மைக்கு வெள்ளியில ஒரு முட்டு வாங்கிச் சாத்தினேன். பூசாரி, "எந்த முட்டு குணமாயிட்டு"ன்னு கேட்டாரு. "முட்டு இல்லை, நாக்கு"ன்னேன்.

ஆரல்வாய்மொழியில காத்துல கரண்டு எடுக்குத காத்தாடிக் கம்பெனிக்கு ஸ்டோர் பாக்க ஆளு கேக்காவளாம். உதிரிப்பாகம் தெரிஞ்சவங்க வேணுமாம். மாப்பிள்ளைகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம், அவருக்கு மனசு எப்படி இருக்கோ. உன் ஐப்பசிக் கடிதாசை அன்னைக்கே அடுப்புல போட்டாச்சு, நீ எழுதினதாவே எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு நான் யாருன்னு நீதான் சொல்லணும். எனக்கு நீ யாருன்னு எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

முற்றத்துல நெல்லு காயுது, கோழி வந்துட்டு, நிறுத்துதேன். நம்ம பிளக்ஸைத்தான் விரிச்சிருக்கேன், என் மூஞ்சியை யாரும் மிதிச்சிரப்பிடாதுன்னு கவிழ்த்துப் போட்டு.

இப்படிக்கு,
நாற்காலியில உக்காந்த பெரியம்மை,
அழகியநாயகி

கவரை ஒட்டப் போனேன், பிளக்ஸுன்னு எழுதினதும் இப்பம்தான் நினைவு வருது. திறப்பு விழா அன்னைக்குச் சாயங்காலம் நாங்க சுசீந்திரத்துல கும்பிட்டுட்டு வந்து விலக்குல இறங்கினப்பம், கம்பெனிச் சட்டையோட ஏணியில நின்னு அதை அவுத்துட்டு இருந்தது ஹரி மாப்பிள்ளைதான். கீழ உங்க பெரியப்பா ஏணியைப் பிடிச்சிருந்தாவ. சுருட்டி என் கையில தந்துட்டு, முட்டு நெசமா எப்படி இருக்கு பெரியம்மைன்னு கேட்டாரு. அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேட்டாரு.